பலகையில் எழுதாத பொருள்

(வேப்பம்பட்டில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய பேச்சின் பொருள், பெயர். ஊருக்கு வைத்த பெயர், ஆலைக்கு வைத்த பெயர், வண்டிக்கு வைத்த பெயர், பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயர். வாய்க்குப் பழகிப்போனதால் காதில் விழாமல் போன பெயர்கள். யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து உண்டாக்கி, பிறகு ஊரே தன்னுடையதாக்கிக்கொண்ட சொற்கள். இந்த மாலை முழுக்க இரண்டே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். பெயரை வைத்தவர் யார்? அதில் பொருளை வைத்தவர் யார்?

நம் ஊர்ப் பலகையிலிருந்தே தொடங்கலாம்.

ரயில் நிலையத்தில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது: வேப்பம்பட்டு. நாளுக்கு இரண்டு தடவை அதைக் கடந்து போகிறவர்கள் இந்த அவையில் பாதிப் பேர் இருப்பார்கள். அந்தப் பெயரை ஒரு தடவையாவது நிதானமாகப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? முதல் பாதி வேம்பு. அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதி? சேலை நெய்கிற பட்டு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. இந்தப் பட்டு வேறு. பட்டு என்றால் சிற்றூர். பட்டி என்ற சொல்லுக்கு உறவு. மீஞ்சூர்ப் பக்கத்து அத்திப்பட்டிலும், அந்தப் பக்கம் செங்கல்பட்டிலும் இருப்பது இதே பட்டுதான். வேம்பு செழித்த சிற்றூர் என்பதே நம் ஊரின் பெயர்.

வேம்பு என்பது வேப்பம் என்று மாறியது எப்படி? அதற்கு விடை பலகைக்குக் கீழே, தண்டவாளத்தில் இருக்கிறது. இரும்பால் ஆன பாதையை இரும்புப்பாதை என்று நாம் சொல்வதில்லை, இருப்புப்பாதை என்கிறோம். மருந்து கொடுப்பவர் மருத்துவர் ஆகிறார். நடுவில் மெல்லினம் நிற்கும் சொல், இன்னொரு சொல்லோடு சேரும்போது இறுகி வல்லினமாகிறது. இரும்பு இருப்பு ஆவது போல, மருந்து மருத்து ஆவது போல, வேம்பு வேப்பு ஆகி, இடையில் ஓர் அம் சேர்ந்து வேப்பம் ஆகிறது. தண்டவாளத்துக்கும் பலகைக்கும் ஒரே இலக்கணம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன விதி, தினமும் நம் காலடியிலும் கண்ணெதிரிலும் நின்றுகொண்டிருக்கிறது.

இந்தத் தண்டவாளமும் சாதாரணமானதல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியது இந்த வழியாகத்தான். இந்த வழியில் அரக்கோணம் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே போனால் என்ன தெரியும்?

ஒரு காடு தெரியும்.

திருமுல்லைவாயிலில் முல்லை. வேப்பம்பட்டில் வேம்பு. கடம்பத்தூரில் கடம்பு. செஞ்சி பனம்பாக்கத்தில் பனை. திருவாலங்காட்டில் ஆல். புளியமங்கலத்தில் புளி. கும்மிடிப்பூண்டிப் பாதைக்கு மாறினால் அத்திப்பட்டில் அத்தி. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய மனிதர்கள், எந்த மரத்தடியில் முதலில் குடியேறினார்களோ அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். மரங்களில் பல வெட்டப்பட்டுவிட்டன. பலகையில் நிற்கும் மரத்தை மட்டும் யாரும் வெட்டவில்லை.

சரி, பெயருக்கு எப்போதும் இப்படி ஒரே ஒரு பொருள்தான் இருக்குமா?

இருக்காது. பெயருக்கு இரண்டு பிறப்பு உண்டு. வைத்தவர் கொடுக்கும் பிறப்பு ஒன்று. வழங்குகிற மக்கள் கொடுக்கும் பிறப்பு மற்றொன்று. இந்த இரண்டாம் பிறப்பைக் காண நெடுந்தூரம் போக வேண்டாம். ஆவடிக்குப் போனால் போதும்.

ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று கேளுங்கள். பத்துப் பேரில் பாதிப் பேர், ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா’ என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஐந்து சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்தால் ஆவடி. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஊரில் பீரங்கி வண்டி ஆலையும் இருக்கிறது. ஆனால் அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது 1961-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1955 ஜனவரியில், அகில இந்திய காங்கிரஸ் மாநாடு இதே ஆவடியில் கூடி, சோசலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்துக்கு வரலாற்றில் ஆவடித் தீர்மானம் என்றே பெயர். ஆக, பீரங்கி ஆலையால் ஊருக்குப் பெயர் வரவில்லை. பெயர் இருந்த ஊருக்குத்தான் ஆலை வந்தது.

அப்படியானால் அந்த விரிவாக்கம் வெறும் பொய்யா? பொய் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஓர் ஊரின் வாழ்க்கையே ஒரு தொழிலாக மாறும்போது, மக்கள் பழைய பெயருக்குள் புதிய தொழிலை வைத்துப் பார்க்கிறார்கள். தாத்தாவுக்குத் தெரிந்த ஆவடி வேறு. தொழிற்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த பேரனின் ஆவடி வேறு. பேரன் தன் ஆவடிக்கு ஒரு பொருள் செய்துகொண்டான். வேர்ச்சொல் தேடுகிறவருக்கு அது பிழை. ஊரின் மனத்தைத் தேடுகிறவருக்கு அது ஒரு சான்று.

அம்பத்தூரைப் பாருங்கள். சக்தி பீடங்கள் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றாம் ஊர் இது. அதனால் அம்பத்தூர் என்று சொல்லும் மரபு உண்டு. திருவள்ளூரைப் பாருங்கள். சாலிஹோத்திர முனிவரிடம் முதியவர் வடிவில் வந்த பெருமாள் உணவு உண்டார்; உண்ட களைப்பில் படுக்க இடம் கேட்டார். ‘எவ்வுள்?’ என்றார். உள் என்றால் வீட்டின் உள்ளறை. எந்த அறையில் படுக்கட்டும் என்ற அந்தக் கேள்வியே ஊருக்குப் பெயராயிற்று: திருஎவ்வுள், திருஎவ்வுளூர், திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் இன்றும் அங்கே படுத்த கோலத்தில்தான் இருக்கிறார். உலகில் எத்தனையோ ஊர்களுக்கு அரசன் பெயர் உண்டு, ஆற்றின் பெயர் உண்டு. களைத்து வந்த விருந்தாளியின் கேள்வியைப் பெயராகக் கொண்ட ஊர் நம் மாவட்டத்தின் தலைநகரம்.

பெயரை வைத்தவர் யார்? பொருளை வைத்தவர் யார்? இந்தக் கேள்வியோடு, பழைய ஊர்களை விட்டு, உண்டாக்கப்பட்ட பெயர்களுக்கு வருவோம்.

திருவொற்றியூரை அடுத்து விம்கோ நகர் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயிலும் அங்கே நிற்கிறது. விம்கோ என்பது எந்த முனிவர்? எந்த மரம்? ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’ என்ற தீப்பெட்டி நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. 1923-இல் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் தொடங்கியது. மேற்கு இந்தியாவின் பெயரைச் சுமந்த ஒரு கம்பெனி, கிழக்குக் கடற்கரையில் ஓர் ஊருக்குப் பெயர் கொடுத்துவிட்டது. ஆலையில் வேலை செய்தவர்கள் குடியேறினார்கள்; குடியிருப்பு நகரானது; நகர் நிலையமானது. தீக்குச்சியை மறந்தவர்கள்கூட ‘விம்கோ நகர் ஒரு டிக்கெட்’ என்று கேட்கிறார்கள்.

பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறந்தார்கள். டைடல் என்றதும், கடல் அலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று படித்த பிள்ளைகளே நினைக்கிறார்கள். அலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிட்கோ என்ற அரசு நிறுவனமும் எல்காட் என்ற அரசு நிறுவனமும் கூட்டாகத் தொடங்கியது அது. இரண்டு பெயரிலிருந்தும் பிய்த்தெடுத்து ஒட்டிய சொல் டைடல். முதல் பூங்கா 2000-ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் திறக்கப்பட்டது. முடிசூடிய இராமன் என்று பொருள் தரும் பட்டாபிராமும், இரண்டு அரசு அலுவலகங்களின் ஒட்டுச் சொல்லான டைடலும் இன்று ஒரே முகவரியில் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன.

இவை எல்லாவற்றையும்விட நம் நாக்கில் ஆழமாக ஊறிய சொல் ஒன்று உண்டு. சிப்காட்.

‘ஸ்டேட் இண்டஸ்ட்ரீஸ் புரமோஷன் கார்ப்பரேஷன் ஆஃப் தமிழ்நாடு.’ 1971-இல் உருவான தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனம். அலுவலகத் தாளில் அதன் முழுப்பெயர் இதுதான். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும் ஒரு தொழிலாளியின் வாயில் அது என்னவாக இருக்கிறது? ‘சிப்காட்டுல வேலை’ என்கிறார். ‘சிப்காட்டுக்குப் போற பஸ் போயிடுச்சு’ என்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தமிழ் பழகும் முன்பே பழகும் சொற்களில் ஒன்று அது.

இங்கே கொஞ்சம் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். சிப்காட்டுக்கு. சிப்காட்டில். சிப்காட்டை. இந்த ஓசை எங்கோ கேட்டதாக இல்லையா? ஆலங்காட்டுக்கு. ஆலங்காட்டில். ஆலங்காட்டை. காடு என்ற பழந்தமிழ்ச் சொல்லுக்கு வேற்றுமை உருபு சேரும் அதே முறையில், ஆங்கில எழுத்துகளால் கட்டிய ஒரு சொல்லுக்கும் உருபு சேர்கிறது. எந்தப் புலவரும் ஆணையிடவில்லை. எந்தக் குழுவும் கூடித் தீர்மானிக்கவில்லை. பேசுகிறவர்களின் நாக்கு தானாகவே செய்துகொண்டது. வேம்பும் ஆலும் புளியும் கடம்பும் நின்ற நம் காட்டு வரிசையில் கடைசியாக முளைத்த காடு, சிப்காட். ஒரு சொல் தமிழ் உருபை ஏற்றுக்கொண்ட நாளில் அது தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வாங்கிவிடுகிறது.

வண்டிகளின் பக்கம் திரும்பினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடப்பதைப் பார்க்கலாம்.

ஏரிக்கரையில் மண் வெட்டும் மஞ்சள் இயந்திரத்துக்கு நம் ஊரில் என்ன பெயர்? ஜேசிபி. அது எந்த நிறுவனம் செய்த இயந்திரமானாலும் ஜேசிபிதான். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945-இல் தொடங்கிய நிறுவனத்துக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். அந்த மனிதரின் பெயர் இன்று நம் ஊர்த் தெருவில் ஒரு பொதுப்பெயர். நாளிதழைத் திறந்தால் ‘பொக்லைன் இயந்திரம் மூலம் ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று இருக்கும். பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தின் பெயர். பிரெஞ்சு மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத நிருபர், ஒரு பிரெஞ்சுப் பெயரை அன்றாடம் தமிழாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

சாலையோரம் ‘ஜெராக்ஸ்’ என்று பலகை தொங்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? 1938-இல் செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர், மை நனையாமல் உலர்ந்த தூளால் படியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உலர்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஜெராக்ஸ். ஆதார் அட்டையை நீட்டி ‘ரெண்டு ஜெராக்ஸ்’ என்று கேட்கும் பாட்டியின் வாயில் ஒரு பழைய கிரேக்கச் சொல் வாழ்கிறது.

எந்த மொழியின் வேரும் இல்லாமல், வெறும் ஓசையிலிருந்து பெயர் செய்ய முடியுமா? முடியும். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் நிழற்படக் கருவிக்குக் கோடக் என்று பெயர் வைத்தார். அந்தச் சொல்லுக்கு அதுவரை எந்த மொழியிலும் பொருள் கிடையாது. ஆங்கிலத்தின் கே என்ற எழுத்து அவருக்குப் பிடிக்கும். அதிலேயே தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். யார் உச்சரித்தாலும் கெடக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. பெயரை அவர் வைத்தார். பொருளை வைத்தவர்கள், அந்தக் கருவியை வாங்கித் திருமணங்களையும் குழந்தைகளையும் படம் பிடித்த கோடிக்கணக்கான குடும்பங்கள்.

நிறுவனம் வைத்த பெயரைத் தள்ளிவிட்டு மக்களே புதிதாக வைத்த பெயரும் உண்டு. 2005-இல் டாடா நிறுவனம் ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. ஏஸ் என்றால் சீட்டுக்கட்டில் உயர்ந்த சீட்டு. அந்த ஆங்கிலம் யாருக்கு வேண்டும்? சின்னதாக இருக்கிறது, யானை மாதிரிப் பாரம் சுமக்கிறது. வடக்கே ‘சோட்டா ஹாத்தி’ என்றார்கள். நம்மூரில் ‘குட்டியானை’ என்றார்கள். காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கு ஏற்றவும், வீடு மாற்றவும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் கொண்டுவரவும் குட்டியானையைத்தான் கூப்பிடுகிறார்கள். சொல்லாக்கம் என்றால் பண்டிதர் வேலை என்று நினைக்கிறோமே, சுமை ஏற்றும் தொழிலாளி உண்டாக்கிய இந்தச் சொல்லில் உவமை இருக்கிறது, அளவு இருக்கிறது, அன்பும் இருக்கிறது. இதைவிட ஒரு கலைச்சொல்லுக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

பண்டிதர்களின் உழைப்பையும் சொல்லாமல் போனால் நன்றி மறந்தவர்களாவோம். 1847-இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, மானிப்பாயில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். உடற்கூற்றுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் தமிழ்ச் சொற்களைத் தேடியும் ஆக்கியும் நூல்கள் வெளியிட்டார். 1916-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில், ஒரு பக்கம் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்குகிறார். மறுபக்கம் சேலத்தில் ராஜாஜி, நண்பருடன் சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் அமைக்கிறார். கொள்கையில் எதிரெதிர்த் திசையில் போனவர்கள், சொல் வேண்டும் என்ற தவிப்பில் ஒன்றுபட்டு நின்ற ஆண்டு அது.

மறைமலையடிகளின் பெயரே ஓர் ஆக்கச் சொல்தான். வேதாசலம் என்பது பெற்றோர் வைத்தது. வேதம் மறை; அசலம் மலை. அவருக்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைப் பெயர்த்துக்கொண்டார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர், பரிதிமாற்கலைஞர். நம் ரயில் பாதையிலேயே வியாசர்பாடி ஜீவா என்று ஒரு நிலையம் இருக்கிறதே, அந்த ஜீவானந்தமும் தனித்தமிழ்ப் பற்றால் ஒரு காலத்தில் உயிரின்பன் ஆனார். ஜீவன் உயிர், ஆனந்தம் இன்பம். பிறகு மீண்டும் ஜீவானந்தமாகவே மாறினார். மக்கள் அதைச் சுருக்கி ஜீவா என்றார்கள். பலகையில் நின்றது மக்கள் சுருக்கியதுதான்.

ஆக்கிய சொற்களில் எது நிற்கும், எது விழும்? பேருந்து நின்றது. பெரிய உந்து, பேருந்து. ஒரு தடவை கேட்டால் போதும், விளங்கிவிடும். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தந்ததாகச் சொல்லப்படும் இணையம் நின்றது. ஈழத்தில் வெதுப்பகம் நின்றது. ரொட்டியை வெதுவெதுப்பாகக் கையில் வாங்கியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். காப்பிக்குச் சொன்ன கொட்டை வடிநீர் நிற்கவில்லை. காலை நேரத்தில் அவசரமாகக் கேட்க வேண்டிய பொருளுக்கு அத்தனை நீளமான பெயரை நாக்கு ஏற்கவில்லை.

அன்பர்களே, இதுவரை சொன்னவை ஊரின் பெயர்கள், பொருளின் பெயர்கள். அவற்றுக்கு உயிர் இல்லை. என்ன பெயர் வைத்தாலும் வலிக்காது. இனி மனிதர்களின் பெயருக்கு வருவோம்.

பழைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். குப்பன், குப்பம்மாள், பிச்சை, மண்ணாங்கட்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கிற பெயரா அது? பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோன வீட்டில் இன்னொன்று பிறக்கிறது. தாய் நடுங்குகிறாள். இதையும் கொண்டுபோய்விடுவானோ எமன்? பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குகிறார்கள். ‘இது குப்பை, இது பிச்சை எடுத்தது, உனக்கு எதற்கு?’ என்று சாவிடம் பொய் சொல்கிறார்கள். குப்பன் என்ற பெயரின் பொருள் குப்பை அன்று. ‘என் பிள்ளை பிழைக்க வேண்டும்’ என்பதுதான். எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தியின் இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். மூத்த பிள்ளைகளை இழந்த பெற்றோர் அவரைப் பிச்சை என்று அழைத்தார்கள். அந்தப் பெயரே புதுக்கவிதையின் வரலாற்றில் நிலைத்தது.

அகராதியில் இழிவாகத் தெரியும் பெயருக்குள் இவ்வளவு அன்பு. அப்படியென்றால் அகராதியில் இனிப்பாகத் தெரியும் பெயருக்குள்?

மங்களம். எவ்வளவு அழகான பெயர்! கச்சேரியின் முடிவில் பாடுவதும் மங்களம். நான்காவது, ஐந்தாவது பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்த வீடுகள் உண்டு. பெண் பிறப்பது இத்தோடு முடியட்டும் என்ற வேண்டுதல் அது. சம்பூர்ணம் என்று வைத்ததும் அதற்காகவே. தெற்கே போதும்பொண்ணு என்று வெளிப்படையாகவே வைத்தார்கள். நம் மாவட்டத்திலோ ஒரே சொல்லில் வைத்தார்கள். திருத்தணி அருகே நாராயணபுரம் என்ற கிராமத்தில், தொடர்ந்து பெண் பிறந்த வீடுகளில், அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் ‘வேண்டாம்’.

அந்தப் பெயரோடு ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதை மனத்தில் கொண்டுவாருங்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். ‘வேண்டாம்’ என்று கூப்பிடுகிறார். அவள் எழுந்து ‘உள்ளேன் ஐயா’ என்கிறாள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, உள்ளேன் உள்ளேன் என்று அவள் பதில் சொல்லிக்கொண்டே ஐந்தாம் வகுப்புப் போகிறாள், பத்தாம் வகுப்புப் போகிறாள், கல்லூரிக்குப் போகிறாள்.

இது கற்பனையோடு முடியவில்லை. 2019-இல், அந்தப் பெயர் தாங்கிய ஒரு கல்லூரி மாணவியையே, பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டத்தின் தூதராகத் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 2011 அக்டோபரில், மகாராட்டிரத்தின் சத்தாரா மாவட்டத்தில் நகுசா என்ற பெயர் கொண்ட 285 சிறுமிகளை ஒரே விழாவில் கூட்டி, அவரவர் விரும்பிய புதுப்பெயரைக் கொடுத்தார்கள். நகுசா என்றாலும் மராத்தியில் வேண்டாதவள்தான். ஓரிடத்தில் பெயரை மாற்றினார்கள். ஓரிடத்தில் பெயரின் பொருளை மாற்றினார்கள். பெயரை வைத்தவர் யார்? பொருளை வைத்தவர் யார்? வைத்தவர் தகப்பன். புதிய பொருளை வைத்தவள், அந்தப் பெண்.

இப்போது நம் பக்கத்து ஸ்டேஷனுக்கு வாருங்கள். திருநின்றவூர். பேச்சு வழக்கில் தின்னனூர். திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊர் என்பது தலபுராணம். அங்கே பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் பெயர் என்ன தெரியுமா? ‘என்னைப் பெற்ற தாயார்.’ ஒரு முழு வாக்கியமே பெயர். அந்தப் பெயரை வைத்தவர் யார்? கோபித்துக்கொண்டு வந்துவிட்ட மகளைத் திரும்ப அழைக்க வந்த சமுத்திரராஜன். அவன் அவளைப் பெற்ற தகப்பன். பெற்ற தகப்பன், தான் பெற்ற மகளைப் பார்த்து ‘என்னைப் பெற்ற தாயே’ என்கிறான்.

நம் வீடுகளில் நாமும் அப்படித்தானே அழைக்கிறோம்? ‘சாப்பிட்டியாம்மா?’ என்று தகப்பன் மகளைக் கேட்கிறார். ‘பத்திரமா போயிட்டு வாம்மா’ என்று ரயிலடியில் வழியனுப்புகிறார். பெண்ணைத் தாயே என்று கூப்பிடும் ஊரும், பெண்ணை வேண்டாம் என்று கூப்பிட்ட ஊரும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. எந்தப் பெயரை நம் பிள்ளைகளின் வாயில் விட்டுச் செல்லப்போகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

பெயரை மாற்றிக்கொள்ள வழியும் இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, யாரும் சட்டப்படி புதுப்பெயர் பெறலாம். பிறந்த குழந்தையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழில் பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். உங்கள் தெருவில், உங்கள் உறவில், வேண்டாம் என்றோ போதும் என்றோ பெயர் சுமந்து, அதை மாற்ற விரும்பும் பெண் யாராவது இருந்தால், விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உதவுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேப்பம்பட்டைச் சுற்றிலும் கழனிகள் மனைகளாகிவிட்டன. ஒவ்வொரு கழனிக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு மேட்டுக்கும், மதகுக்கும், கலங்கலுக்கும், கிணற்றுக்கும் பெயர் இருந்தது. இன்று அங்கே மனை எண் இருக்கிறது. அந்தப் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. 2020-இல் அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டபோது ஊரெல்லாம் விவாதம் நடந்தது. சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பலகையில் இருக்கும் பெயருக்கு வாதாட ஆள் இருக்கிறது. பலகையில் ஏறாத பெயருக்கு யார் இருக்கிறார்கள்? எழுபது, எண்பது வயதைக் கடந்த சிலரின் நினைவு மட்டுமே இருக்கிறது.

வாசலில் மேசைமேல் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறது. பெயர், எந்த இடம், சொன்னவரின் வயது, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அவர் நினைப்பது. நான்காவது கட்டத்தில் எழுதுவது சரியா தவறா என்று யாரும் திருத்தப் போவதில்லை. ஆவடிக்கு ஐந்து ஆங்கிலச் சொல் சொன்னவருக்கும் அதில் இடம் உண்டு. முதல் வரியில் வேப்பம்பட்டு என்று எழுதியாயிற்று. இரண்டாம் வரியிலிருந்து காலியாக இருக்கிறது. போகும்போது ஒரு பெயராவது எழுதிவிட்டுப் போங்கள். நினைவில் இல்லாதவர்கள், இன்று இரவு வீட்டில் இருக்கும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, நாளை காலை ரயிலுக்குப் போகும் வழியில் எழுதிவிட்டுப் போங்கள். நோட்டு அங்கேயே இருக்கும்.